டாக்டர் பட்டம் தராத ஆய்வுக்கூடம்

ஜெனீவா நகருக்கு அருகே, சுவிட்சர்லாந்து–பிரான்சு எல்லையில், பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு சுரங்கம் இருக்கிறது. 1954-இல் நிறுவப்பட்ட 'செர்ன்' ஆய்வுக்கூடத்தின் மாபெரும் துகள் முடுக்கி அதற்குள்தான் உள்ளது.

டாக்டர் பட்ட ஆய்வுக்காக மாணவர்கள் பலர் அங்கே செல்கிறார்கள். ஆனால் செர்ன் யாருக்கும் பட்டம் வழங்குவதில்லை! அது பல்கலைக்கழகம் அன்று. பட்டம் தருவது மாணவர் பதிவு செய்துகொண்ட பல்கலைக்கழகம். 6 முதல் 36 மாதங்கள் வரை இடமும், கருவிகளும், மாதாந்திர உதவித்தொகையும் தருவது செர்ன். வழிகாட்டிகளும் இருவர், இங்கொருவர் அங்கொருவர்.

புதிய துகள்களைத் தேடுவோருக்கான திட்டம் இது என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை. அவர்கள் தங்கள் பல்கலைக்கழகக் குழுக்களோடு வேறு வழியில் வருகிறார்கள். இது பயன்முறை இயற்பியல், பொறியியல், கணிப்பொறித் துறை மாணவர்களுக்கானது.

அவர்களுக்கு அங்கே என்ன வேலை? புரோட்டான்களை வட்டப் பாதையில் வளைக்க 1,232 மீகடத்திக் காந்தங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம். திரவ ஹீலியத்தால் இவற்றை மைனஸ் 271 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கிறார்கள். 2008 செப்டம்பர் 19 அன்று, சோதனை ஓட்டத்தில், இரு காந்தங்களுக்கு இடையேயுள்ள ஓர் இணைப்பு பழுதானது. அதன் மின்தடை, ஓர் ஓமில் சுமார் 50 லட்சத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறியதா என்கிறீர்களா? ஓடிய மின்னோட்டம் 8,700 ஆம்பியர். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 15 வாட். நம் வீட்டு இரவு விளக்கின் அளவு வெப்பம்! அக்கடுங்குளிரில் அதுவே போதுமானதாயிற்று. இணைப்பு மீகடத்தும் தன்மையை இழந்தது. மின்பொறி எழுந்து ஹீலியக் கலத்தைத் துளைத்தது. பல டன் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களை மேலே தூக்கிவர நேர்ந்தது. முடுக்கி மீண்டும் ஓட ஓராண்டுக்கு மேலாயிற்று.

இணைப்பு, குளிர், உலோகம் – இவைதாம் அம்மாணவர்களின் ஆய்வுப் பொருள்கள். புதிய காந்தங்கள் சிலவற்றில் நயோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த மீகடத்தி பயன்படுகிறது. அது எளிதில் நொறுங்கும். எனவே பானையை வனைந்த பின் சுடுவது போல, கம்பியைச் சுற்றிய பிறகே சுமார் 650 டிகிரியில் சுட்டு அதை உண்டாக்குகிறார்கள்.

இந்தியா 2017-இல் செர்னின் இணை உறுப்பு நாடாயிற்று. ஆகவே நம் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஜெனீவாவுக்கு எழுதுமுன், அந்த ஆய்வை மேற்பார்வையிடப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இசைய வேண்டும்.