பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு

கேள்வி: வணிகவியல் பிரிவில் என்னென்ன படிக்க வேண்டும்? சேலம், நாமக்கல் வட்டாரத் தொழில்களோடு அவற்றுக்குத் தொடர்பு உண்டா?

பதில்: தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகிய மூன்றும் இப்பிரிவின் அடிப்படைப் பாடங்கள். நான்காவது பாடம் பள்ளிக்குப் பள்ளி மாறும்: வணிகக் கணிதமும் புள்ளியியலும், கணினிப் பயன்பாடுகள், வரலாறு போன்றவற்றில் ஒன்று. பொருளியல், பிளஸ் ஒன்னில் தேவை, அளிப்பு, சந்தை என்று தொடங்கும். பிளஸ் டூவில் நாட்டு வருமானம், வங்கி, பன்னாட்டு வணிகம் வரை விரியும்.

இப்பாடங்களுக்கு வட்டாரத்திலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. புரட்டாசியில் பலர் அசைவம் தவிர்ப்பதால் நாமக்கல் முட்டைக்குத் தேவை குறைந்து விலை இறங்குவது பொருளியல். ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்காக 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ், வணிகவியல் சொல்லும் கூட்டுறவுச் சங்கம். நாமக்கல் லாரியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் கணக்கில் எழுதுவது தேய்மானம், அது கணக்குப்பதிவியல்.