மாதவிலக்கு தள்ளிப்போவது ஏன்?

'நாள் தள்ளிப்போயிற்று' என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் தோட்ட வீடுகளில் இரண்டே தீர்ப்புகள்தாம் கூறப்படுகின்றன. மணமானவளாயின் கர்ப்பம், மணமாகாதவளாயின் சந்தேகம். இவ்விரண்டிற்கும் அப்பால் காரணங்கள் பல உள என்பதை அறிவோம்.

விலக்கான முதல் நாளிலிருந்து அடுத்த விலக்கின் முதல் நாள் வரை எண்ணுவதே சரியான கணக்கு. 21 முதல் 35 நாள்களுக்குள் வருமாயின் அஃது இயல்பே. சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்பட்டு ஏறத்தாழ 14 நாள்கள் சென்ற பின்னரே விலக்கு உண்டாகிறது. ஆகவே முட்டை தாமதித்தால் விலக்கும் தாமதிக்கும்.

28 நாளுக்கொருமுறை விலக்காகும் பால்மரம் வெட்டும் சகோதரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். பத்தாம் நாள் அவருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. மூளையிலிருந்து சினைப்பைக்குச் செல்லும் கட்டளை, உடல் தேறும்வரை தடைப்படுகிறது. 14ஆம் நாள் வரவேண்டிய முட்டை 24ஆம் நாள் வெளிப்பட, விலக்கு 38ஆம் நாள் வருகிறது. இதற்குள் அண்டை வீட்டார் வாழ்த்தும் கூறிவிடுவர். உதிரம் கண்டதும், "பால்வாளி தூக்கிக் கருவைக் கலைத்துவிட்டாளே" என்று மாமியார் அழுவார். கலைவதற்கு அங்குக் கருவே இருந்ததில்லை!

மனக்கவலை, பட்டினி, திடீரென உடல் மெலிதல், மிகுந்த பருமன், தைராய்டுக் கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவையும் இவ்வாறே முட்டையைத் தாமதப்படுத்தும். பாலூட்டும் தாய்மாருக்கும், கருத்தடை ஊசி போட்டுக்கொள்வோருக்கும், பூப்பெய்திச் சில ஆண்டுகளே ஆன பெண்களுக்கும், நாற்பத்தைந்தைக் கடந்தோருக்கும் நாள் தவறுவது உண்டு.

எனினும் கர்ப்பமா என்பதையே முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாள் தவறியவுடன் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இல்லையென்று வந்தும் விலக்காகவில்லையாயின், ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்க.

கெட்ட இரத்தம் உள்ளே தேங்கி நஞ்சாகிறது என்றஞ்சி, எள்ளும் கருப்பட்டியும் தின்பதோடு நில்லாமல், கடையில் பெயர் தெரியாத மாத்திரை வாங்கி விழுங்குவோரும் உளர். அப்படி எதுவும் தேங்குவதில்லை. அம்மாத்திரையோ உயிருக்கே உலை வைக்கலாம்.

மூன்று மாதம் விலக்காகாவிடில் மருத்துவரைக் காண்க. நாள் தள்ளிய நிலையில் அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியோ, மயக்கமோ, சிறிது உதிரப்போக்கோ தோன்றின், கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும். அன்று மறுநாள் பிரட்டு வரை காத்திராமல், இரவாயினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.