நாட்டுக் கெளிறு: ஆண் எத்தனை, பெண் எத்தனை?

படப்பை, மணிமங்கலம் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கும் நண்பர்கள் தாம்பரம் சந்தையில் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "சார், நாட்டுக் கெளிறு குஞ்சு எங்கே கிடைக்கும்?" அது ஏன் குதிரைக்கொம்பா இருக்கு என்பதற்கான பதிலில் பாதி, அந்த மீனின் ஆண், பெண் கணக்கில் இருக்கு.

வடக்கே இதை மாகூர் என்பார்கள். அறிவியல் பெயர் கிளாரியஸ் மாகூர். பழைய புத்தகங்களில் கிளாரியஸ் பட்ராகஸ் என்றிருக்கும். அது தென்கிழக்கு ஆசியாவின் வேறு இனம் என்று பிற்பாடு பிரித்துவிட்டார்கள். செவுளோடு காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பும் உண்டு, சேற்றிலும் பிழைக்கும். அப்படிப்பட்ட மீனையே ஐ.யு.சி.என். அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது.

மனுஷனில் எக்ஸ்-எக்ஸ் பெண், எக்ஸ்-ஒய் ஆண். நம்ம கோழியில் தலைகீழ்: சேவலுக்கு இசட்-இசட், பெட்டைக்கு இசட்-டபிள்யூ. குஞ்சு ஆணா பெண்ணா என்பது பெட்டை கொடுக்கும் குரோமோசோமைப் பொறுத்தது. மாகூரும் கோழி வழிதான் என்று 1997-இல் ஓர் இந்திய ஆய்வு சொன்னது. ஆப்பிரிக்கக் கெளிறிலோ ஒரு கூட்டத்தில் கோழி வழி, இன்னொரு கூட்டத்தில் மனுஷ வழி! குரோமோசோமுக்குக் கீழே மரபணுக்கள் வேலை செய்கின்றன. டி.எம்.ஆர்.டி.1 விரைப்பை உருவாக உதவும். அரோமடேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றி சினைப்பை பக்கம் தள்ளும். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் செந்தில்குமரன் குழுவினர் கெளிறு மீன்களில் இவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள்.

குஞ்சுப் பொரிப்பகத்தில்தான் சிக்கல். பெண் மீனுக்கு ஊசி போட்டு வயிற்றை அழுத்தினால் முட்டை வரும். ஆணை அழுத்தினால் விந்து வராது. வயிற்றைக் கிழித்து விரைப்பையை எடுத்து அரைத்துத்தான் முட்டையில் கலக்கணும். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஆண் சாகும். ஆகவே ஆணைச் சிக்கனமாக வைப்பார்கள், ஓர் ஆணின் விந்தைப் பல பெண்களுக்குப் பங்கிடுவார்கள்.

பேங்கில் முப்பது வருஷம் வட்டிக் கணக்குப் போட்ட புத்தி, இதையும் போட்டுப் பார்த்தேன். ஆணையும் பெண்ணையும் பெருக்கி, நாலால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுத்தால் மரபுக் கணக்கில் உண்மையான கூட்டம் எவ்வளவு என்று வரும். 50 பெண், 5 ஆண் என்றால் ஆயிரத்தை 55-ஆல் வகுக்கணும், சுமார் 18. தொட்டியில் 55 மீன் நீந்தினாலும் மரபில் 18 தான்! 28 பெண், 27 ஆண் வைத்திருந்தால் கிட்டத்தட்ட முழு 55 கிடைக்கும். உள்ளினச் சேர்க்கை தலைமுறைக்கு 2.75 சதவீதம் ஏறுவதும், 0.9 சதவீதம் ஏறுவதும் இதில் உள்ள வித்தியாசம். கூட்டு வட்டி மாதிரி ஏறும், அசலைத் தின்னும்.

இந்தப் பஞ்சத்தில்தான் ஆப்பிரிக்கக் கெளிறு நுழைகிறது. 2000-லேயே மத்திய அரசு தடை செய்த மீன். சீக்கிரம் பருக்கும், மற்ற மீன்களை விழுங்கும். அதற்கு 56 குரோமோசோம், மாகூருக்கு 50. ஆனாலும் இரண்டையும் கலந்து குஞ்சு எடுத்துவிடுகிறார்கள். நாட்டுக் கெளிறு என்று சொல்லி விற்பதும் நடக்குது. விலை மலிவா இருந்தால் முதலில் சந்தேகப்படுங்க. "தாய் மீன் எத்தனை, அதில் ஆண் எத்தனை?" என்று கேளுங்க; பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீங்க.

நல்ல தாய் மீன் கிடைத்தவர்கள் பருவம் வந்ததும் ஆசனவாய்ப் பக்கம் பாருங்க. ஆணுக்குக் குறி நீண்டு கூராக இருக்கும், பெண்ணுக்கு உருண்டையாக. சம அளவில் விடுங்க. மழைக்காலத்தில் கரைச்சேற்றில் குழி பறித்து முட்டையிடும், ஆண்தான் காவல் இருக்கும். வயலை ஒட்டி ஆழமில்லாத சேற்றுக்கரை ஒன்றை அதுக்கென்று விட்டுவைத்தால் போதும், அங்கே ஆணை அறுக்கிற வேலையே இல்லை.