பழைய சைக்கிள் வாங்குகிறீர்களா?

பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். கடையிலேயே இவற்றைப் பாருங்கள்:

1. ஃபிரேமின் வெல்டிங் இணைப்புகளை விரலால் தடவுங்கள். விரிசல் இருந்தால் வேண்டாம், ஓட்டும்போது உடையலாம்.

2. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். ரிம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் பிரேக் கட்டையில் உரசினால் கோட்டம் இருக்கிறது.

3. டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் புது டயர் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

4. சீட்டில் உட்கார்ந்து, கீழிறங்கிய பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீளும்படி உயரத்தை மாற்றுங்கள். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும்.

5. தடித்த மெத்தை சீட்டுக்கு ஆசைப்படாதீர்கள். தூரம் போனால் அது அமுங்கித் தொடையை உரசும்.

6. ஃபிரேம் எண்ணைக் குறிப்பிட்டு ரசீது வாங்குங்கள். பின்னால் திருட்டு வண்டி என்று வம்பு வந்தால் கைகொடுக்கும்.