தொட்டுக்கொள்ளும் உப்பு

வார்டுகளைச் சுற்றிவரும்போது நாங்கள் அடிக்கடி காண்பது, இருதய நோயாளிக்கு உறவினர் பாசத்தோடு கொண்டுவரும் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும். "குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டோம்" என்பார்கள். ஊறுகாயைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்குகிறது. இரத்தத்தின் அளவு கூடி, அழுத்தம் உயர்கிறது. பலவீனமான இருதயம் திணறும். கால் வீங்கும், மூச்சு வாங்கும்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். அப்பளத்தில் சேரும் அப்பளக்காரத்திலும் சோடியம் உண்டு.

கஞ்சி கொண்டுவாருங்கள். தொட்டுக்கொள்ள, உப்பிடாமல் எலுமிச்சை பிழிந்த புதினாத் துவையல் இருக்கட்டும். பாசம் குறையாது.