பழைய டீசல் பிக்கப் வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டுவன

ஓரிக்கையையடுத்த பாலாற்று மணற்பாங்கிலும் மாரிக்காலத்துச் சேற்று வழிகளிலும் நெல் மூட்டைகளை ஏற்றிவர, நான்கு சக்கரங்களும் உந்தும் பழைய டீசல் பிக்கப் வண்டியை நிலமுடையோர் நாடுவது இயல்பே. பொலிரோ கேம்பரில் இவ்வகை உண்டு. பின்சக்கரங்கள் மட்டும் உந்துவதும் உண்டு. ஆதலின் விலை பேசுமுன் வண்டியின் அடியிற் குனிந்து, முன்சக்கரங்களுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாப்ட் இருக்கிறதாவென நோக்குக. பழுது நேர்ந்தபின் அதனைக் கழற்றிவிட்டு, லீவரை மாத்திரம் காட்டி விற்பாரும் உளர்.

இவ்வுந்துதலை உலர்ந்த தார்ச்சாலையிற் சோதித்தல் தவறு. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளுமாதலால், பிணைந்த பற்சக்கரங்கள் முறுக்குண்டு கெடும். ஈரமணலில் மெல்லச் செலுத்துக. முன்சக்கரங்களும் இழுத்தல் வேண்டும். கடகடவென்ற ஓசை கூடாது.

இஞ்ஜினைக் காலையில், சூடேறுமுன் கிளப்பச் சொல்லுக. வெண்புகை விரைவில் மறையுமாயின் குற்றமன்று. நீலப்புகை இஞ்ஜின் ஆயில் எரிதலையும், ஓயாத கரும்புகை டீசல் முற்றும் எரியாமையையும் காட்டும். ஆயில் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்ததென அறிந்து வீடு திரும்பலாம்.

பதிவுச் சான்றில் வங்கிக் கடன் குறித்திருப்பின், 35-ஆம் படிவமும் வங்கியின் தடையின்மைச் சான்றும் பெறாது பணம் கொடுக்கற்க. 29, 30-ஆம் படிவங்களிற் கையொப்பம் மட்டும் வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பது பலர் வழக்கம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவித்தல் வேண்டும். பெயர் மாறாத வண்டியால் விபத்து நேரின், பதிவிலுள்ள பழைய உரிமையாளரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பென 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதலின் விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சென்று, பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்த பின்னரே மீதித்தொகையைத் தீர்த்துக்கொள்ளல் நன்று.