உதவித் தொகையும் மலைக் குடும்பமும்

வறுமை என்பதை ஆண்டு வருமானத்தின் அளவைக் கொண்டு கணக்கிடுவது நமது வழக்கம். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்குக் கீழே ஈட்டும் குடும்பம் ஏழைக் குடும்பம் என்று ஒரு கோட்டை வரைகிறோம். கணக்கெடுப்புக்கு இக்கோடு தேவையே. ஆனால் ஏழைக் குடும்பத்தின் அன்றாட இன்னலை இது முழுமையாகக் காட்டுவதில்லை. வருமானம் வரும் மாதம் ஒன்றாகவும், செலவு வரும் மாதம் வேறொன்றாகவும் இருப்பதே அக்குடும்பத்தின் பெருந்துன்பம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் கடன் நுழைகிறது. அரசு நேரடியாகப் பணமாக வழங்கும் உதவி இந்த இடைவெளியை எவ்வாறு, எந்த அளவுக்கு நிரப்பக்கூடும் என்பதை மாதேஸ்வரன் மலைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

மலையும் மக்களும்

மாதேஸ்வரன் மலை 1956 நவம்பர் வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில், கொள்ளேகால் வட்டத்தில் இருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாவட்டத்துடன் இணைந்தது. 1997 இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதன் பகுதியாயிற்று. இன்று ஹனூர் வட்டத்தைச் சேர்ந்தது. கன்னடமும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப்புறம் இது. சிவராத்திரிக்கும், தீபாவளிக்கும், அமாவாசை நாட்களுக்கும் சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களிலிருந்து திரளான பக்தர்கள் இங்கு வருகின்றனர்.

கோயிலைச் சுற்றியுள்ள ஊரில் வணிகம் உண்டு. காட்டினுள் அமைந்த சிற்றூர்களின் நிலை வேறு. மழையை நம்பி விதைக்கும் கேழ்வரகு, மொச்சை, மக்காச்சோளம், சில மாடுகள், சில ஆடுகள், கூலி வேலை ஆகியவையே அங்குள்ள குடும்பங்களின் ஆதாரங்கள். சோளகர் பழங்குடியினருக்குத் தேன், நெல்லிக்காய், சீயக்காய் போன்ற காடுபடு பொருட்களும் வருவாய் தருகின்றன. காட்டை ஆக்கிரமித்துள்ள உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு நாற்காலி, கூடை முதலியன செய்யும் தொழிலிலும் சிலர் பயிற்சி பெற்றுள்ளனர். இவற்றுள் எதுவும் மாதந்தோறும் ஒரே அளவாக வருவதன்று. 2013 இல் இம்மலைக் காடுகள் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால், காட்டைப் பயன்படுத்தும் முறையிலும் கட்டுப்பாடுகள் கூடின.

பொருளாக வழங்கிய காலம்

ஏழைக் குடும்பத்துக்கு உதவி என்றால் பொருளாக வழங்குவதே நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. 1978-79 இல் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் அனைத்து வட்டாரங்களுக்கும் விரிவாக்கப்பட்ட ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கறவை மாடு, ஆடு, தையல் இயந்திரம் போன்ற சொத்து ஒன்றைக் குடும்பத்துக்கு அளித்து, அதிலிருந்து வருவாய் ஈட்டச் செய்வதே அதன் நோக்கம். விலையில் சிறு விவசாயிகளுக்கு 25 விழுக்காடும், குறு விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் மூன்றில் ஒரு பங்கும், பழங்குடியினருக்கு 50 விழுக்காடும் மானியம். மீதித் தொகை வங்கிக் கடன்.

நோக்கம் உயர்ந்ததே. எனினும் தீவனமும், கால்நடை மருத்துவரும், பால் கூட்டுறவுச் சங்கமும் அருகில் இல்லாத ஊரில் எருமை மட்டும் என்ன செய்யும்? மாடு விற்கப்பட்டது அல்லது இறந்தது. கடன் மட்டும் நிலைத்தது என்ற நிலை பல இடங்களில் ஏற்பட்டது. குடும்பத்துக்கு எது தேவை என்பதைக் குடும்பத்தைவிட அலுவலகம் நன்கு அறியும் என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. 1999 ஏப்ரலில் இத்திட்டம் வேறொரு திட்டத்தில் இணைந்து முடிவுற்றது.

பணமாக வழங்கும் உதவி இந்த எண்ணத்தை மாற்றுகிறது. முதியோர் உதவித் தொகை இதன் பழைய வடிவம். தமிழ்நாட்டில் அது 1962 முதல் வழங்கப்பட்டு வருகிறது. 2013 சனவரியில் மத்திய அரசு நேரடிப் பயன் மாற்ற முறையைத் தொடங்கியது. 2014 ஆகஸ்டில் தொடங்கிய சன் தன் கணக்குகள் ஏழைக் குடும்பங்களையும் வங்கியுடன் இணைத்தன. 2023 இல் பெண்களுக்கான மாத உதவித் தொகை இரு அண்டை மாநிலங்களிலும் வந்தது. கர்நாடகத்தின் கிருஹலட்சுமித் திட்டம் ஆகஸ்ட் 30 அன்று மைசூரில் தொடங்கியது. குடும்பத் தலைவிக்கு மாதம் ரூ. 2,000. தமிழ்நாட்டின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது, மாதம் ரூ. 1,000.

இரண்டாயிரம் ரூபாயின் அளவு

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் ரூ. 2,000 என்பது, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 13 ரூபாய். இதைக் கொண்டு எவரும் வேலையை விட்டுவிட்டு வாழ முடியாது. ஆகவே, உதவித் தொகை மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்ற அச்சத்துக்கு இந்த எண்ணே முதல் விடை.

இரண்டாவது விடை ஆய்விலிருந்து கிடைக்கிறது. 2011-12 இல் மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு, யுனிசெப் நிறுவனத்தின் உதவியுடன் ஒரு சோதனையை நடத்தியது. தேர்ந்தெடுத்த சில கிராமங்களில் நிபந்தனை ஏதுமின்றி, பெரியவர்களுக்கு முதலில் மாதம் ரூ. 200, பின்னர் ரூ. 300 வழங்கப்பட்டது, குழந்தைகளுக்கு அதில் பாதி. தொகை பெறாத கிராமங்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உணவும் குழந்தைகளின் ஊட்டமும் மேம்பட்டிருந்தன. பள்ளி வருகை கூடியிருந்தது. மதுச் செலவு பெருகியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிறர் நிலத்தில் கூலிக்குச் சென்ற சிறு விவசாயிகள் பலர் தம் நிலத்தில் கூடுதல் நேரம் உழைக்கத் தொடங்கினர். சிறு தொகையும் உழைப்பின் திசையை மாற்றக்கூடும் என்பது இதன் பாடம்.

அரிசியா, பணமா?

பணம் எப்போதும் பொருளைவிடச் சிறந்தது என்று முடிவு கட்டுவதும் தவறாகும். கர்நாடக அரசே இதற்கு ஒரு பாடத்தை வழங்கியுள்ளது. அன்னபாக்யத் திட்டத்தில் ஆளுக்குக் கூடுதலாக 5 கிலோ அரிசி தருவதாக அது அறிவித்தது. போதிய அரிசி கிடைக்காததால், 2023 சூலை முதல் கிலோவுக்கு ரூ. 34 வீதம் ஆளுக்கு ரூ. 170 வங்கிக் கணக்கில் செலுத்தியது. 2025 பிப்ரவரி முதல் பணத்துக்கு மாற்றாக அரிசியையே வழங்கத் தொடங்கியது.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இத்தொகை ரூ. 850. கேழ்வரகுக் களி உண்ணும் மலைக் குடும்பம் இதைக் கொண்டு கேழ்வரகோ, பருப்போ, எண்ணெயோ வாங்கலாம். இது பணத்தின் நன்மை. ஆனால் மலைக் கடையில் அரிசி கிலோ ரூ. 45 விற்குமானால், அதே ரூ. 850 க்கு 25 கிலோ கிடைக்காது. 19 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். விலை உயரும்போது அரிசியின் அளவு மாறுவதில்லை. பணத்தின் வலிமை குறைகிறது. சந்தை அருகில் இருந்து விலையும் நிலையாக இருக்கும் ஊரில் பணம் ஏற்றது; சந்தை தொலைவாகவும் விலை மிகுதியாகவும் உள்ள ஊரில் தானியமே பாதுகாப்பு.

தேதியின் மதிப்பு

தொகையின் அளவைப் பற்றியே விவாதங்கள் நடைபெறுகின்றன. ஏழைக் குடும்பத்துக்கு அத்தொகை வரும் நாளும் அதே அளவு முக்கியமானது. ஒரு கணக்கால் இதனை விளக்கலாம்.

விதைப்புக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குமாக ஒரு குடும்பத்துக்குச் சூன் மாதத்தில் ரூ. 6,000 தேவை என்று கொள்வோம். அறுவடை முடிந்து பணம் வருவது டிசம்பரில். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்குக் கடன் பெற்றால், ஆறு மாதத்துக்கு வட்டி ரூ. 1,800. ரூ. 2,000 வீதம் மூன்று தவணைகள் சூனுக்கு முன்னரே கைக்கு வந்திருந்தால் இக்கடன் தேவையில்லை. வட்டி முழுவதும் மிச்சம். அதே மூன்று தவணைகள் நிலுவையில் கிடந்து, நான்கு மாதம் கழித்து அக்டோபரில் ஒன்றாக வந்தால், அதற்குள் ரூ. 1,200 வட்டியாகச் சென்றுவிடும், மிச்சம் ரூ. 600 மட்டுமே. அரசின் பேரேட்டில் இரு நிலைகளிலும் ஒரே ரூ. 6,000 தான் செலவாகியிருக்கும். குடும்பத்தின் கணக்கிலோ ரூ. 1,200 வேறுபாடு, அதனை வட்டிக்காரர் பெற்றிருப்பார்.

கிருஹலட்சுமியின் தவணைகள் சில, மாதக்கணக்கில் தாமதமாகி வந்ததை நாம் அறிவோம். நாள் தவறாமல் வரும் தொகையை நம்பிக் குடும்பம் திட்டமிடுகிறது. கடைக்காரரும் அதை நம்பிப் பற்று வைக்கிறார். எப்போது வரும் என்று தெரியாத தொகை, எத்துணைப் பெரிதாயினும், எதிர்பாராத வரவாகவே கருதப்படும். அதைக் கொண்டு திட்டமிட இயலாது.

இழப்பீட்டுக்கும் இது பொருந்தும். 2025 சூன் 26 அன்று இம்மலையின் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. புலி கொன்ற பசுவின் உடலில் நஞ்சு வைக்கப்பட்டதே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. இக்குற்றத்துக்கு வறுமை சமாதானமாகாது. ஆயினும், சில மாடுகளே சொத்தாக உள்ள குடும்பத்துக்குப் பசுவின் இழப்பு ஓராண்டுச் சேமிப்பின் இழப்பாகும். விலங்கால் மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு விரைவாகக் கிடைக்கும் என்ற உறுதி இருக்குமானால், அது குடும்பத்தைக் காப்பதுடன் காட்டையும் காக்கும்.

பணத்தால் இயலாதவை

2023 சூன் 11 முதல் கர்நாடகப் பெண்கள் அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கின்றனர். வங்கிக்குச் சென்று வரும் செலவை இது குறைக்கிறது. ஆனால் பேருந்து வராத ஊருக்கு இச்சலுகை எட்டாது. பணம் எடுக்க நடப்பதற்கும் காத்திருப்பதற்கும் ஒரு நாள் கூலி போகுமானால், அதுவும் உதவித் தொகையிலிருந்து கழிக்கப்பட வேண்டியதே.

மலையின் உட்பகுதியில் உள்ள இண்டிகநத்தத்தில் 2024 ஏப்ரல் 26 அன்று, மக்களவைத் தேர்தலின்போது, அடிப்படை வசதிகள் இல்லை என்று கூறி ஊரார் வாக்களிப்பைப் புறக்கணித்தனர். மோதலில் வாக்குச்சாவடி சேதமடைந்தது; ஏப்ரல் 29 அன்று மறுவாக்குப்பதிவு நடைபெற்றது. மாத உதவித் திட்டம் தொடங்கி அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. வன்முறை கண்டிக்கத்தக்கது. ஆனால் அக்கோரிக்கையின் பொருளாதாரப் பொருள் தெளிவானது. குடும்பத் தலைவி இரண்டாயிரம் ரூபாயைக் கொண்டு அரிசி வாங்கலாம், கடனை அடைக்கலாம், ஓர் ஆட்டுக்குட்டியும் வாங்கலாம். சாலையையோ, குடிநீர்க் குழாயையோ, மருத்துவமனையையோ தனி ஒரு குடும்பம் விலைக்கு வாங்க முடியாது. அவை பொதுப்பொருள்கள், அரசின் கடமை.

ஆகவே, நேரடி உதவித் தொகையை மதிப்பிடும் மாணவரும் அலுவலரும் எத்தனை பேருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்பதோடு நின்றுவிடலாகாது. குறித்த நாளில் தொகை வந்ததா? அதை எடுக்க எவ்வளவு தொலைவு செல்ல வேண்டியிருந்தது? அவ்வூர்க் கடையில் அத்தொகைக்கு என்ன கிடைத்தது? அந்த ஆண்டு விதைப்புக்குக் குடும்பம் கடன் பெற்றதா, இல்லையா? இந்நான்கு கேள்விகளுக்கும் ஊர்தோறும் விடை காண வேண்டும். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் விடையே திட்டத்தின் உண்மையான பயனைக் காட்டும்.